உல்லாசக் கப்பலும் மலையடிவாரத்துப் பிரயாணிகளும்

வைகாசி முடிந்து மேல்காற்று வீசத் தொடங்கியதும் குற்றாலத்தில் சாரல் விழுகிறது. அதே தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கலக்கிவிடுவதனால், மற்ற மாதங்களில் மும்பையிலிருந்து கோவாவுக்கும் கொச்சிக்கும் இலட்சத்தீவுக்கும் ஓடிக்கொண்டிருக்கும் உல்லாசக் கப்பல், மலைத்தொடர் காற்றைத் தடுத்துக்கொடுக்கும் சோழமண்டலக் கரையை நாடிச் சென்னைக்கு வந்து சேர்கிறது. ஆகவே ஐந்தருவியில் தண்ணீர் விழச் செய்வதும், சென்னைத் துறைமுகத்தில் பதினொரு தளமுள்ள கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துவதும் ஒரே காற்றுதான். தென்காசிச் சீமையில் இருப்பவர்களுக்கு விடுமுறைக்கு எங்கே போவது என்ற கேள்வி எழும்போது, அருவியும் கப்பலும் ஒரே பருவத்தில் போட்டியிடுவதன் காரணம் இதுவே.

சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அருகே, மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ராயகிரியிலிருந்து கடற்கரைக்குப் போக நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தாக வேண்டும். விடுமுறை என்றால் குற்றாலம், கொஞ்சம் வசதி இருந்தால் கன்னியாகுமரி, இன்னும் வசதி இருந்தால் மூணாறு என்பதுதான் இப்பக்கத்துக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனோ மகளோ பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டிக் கப்பல் டிக்கெட் எடுத்துத் தருவதும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நாலைந்து குடும்பமாகக் கூடிக் கடல் யாத்திரைக்கு நாள் குறிப்பதும் இப்போது அபூர்வமல்ல. இவர்கள் எல்லோரும் கேட்பவை மூன்றே கேள்விகள்: எங்கே படுப்பது, எதை உண்பது, பொழுதை எப்படிக் கழிப்பது.

குற்றாலத்தில் இம்மூன்றுக்கும் முன்யோசனை வேண்டியதில்லை. அறை அகப்படாவிட்டால் தென்காசியில் அகப்படும். குளித்துக் கரையேறினால் பிரானூர் பார்டரில் பரோட்டாக் கடை திறந்திருக்கும். பொழுதுபோக்கோ தலைமேலேயே விழுந்துகொண்டிருக்கும். ரசிகமணி டி. கே. சி. குற்றாலத்தில் வாழ்ந்த நாளில், ராஜாஜி, கல்கி போன்ற பெரியவர்கள் அவருடைய வீட்டில் விருந்தினராய்த் தங்கி, அருவியில் ஆடி, விருந்துண்டு, கம்பனைக் கேட்டு மகிழ்ந்தார்கள் என்பது ஊரறிந்த செய்தி. உறைவிடம், போஜனம், வினோதம் ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ், ஒரே மனிதரின் அன்பினால் அமைந்த காலம் அது. கப்பலிலும் மூன்றும் ஒரே கூரையின்கீழ்தான் அமைகின்றன. ஆனால் அங்கே அமைத்துக்கொடுப்பது ஒரு கம்பெனி. அதுவும் டிக்கெட் வாங்கிய அன்றைக்கே அமைத்து முடித்துவிடுகிறது. கப்பலேறிய பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியது சொற்பம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்களே பெரும்பாலும் மனக்குறையோடு திரும்புகிறார்கள்.

மலையடிவாரத்து ஊர்களென்றாலும் இவற்றுக்குக் கப்பல் புதிதல்ல. கடையநல்லூர், தென்காசி ஆகிய ஊர்களிலிருந்து தறியையும் வறுமையையும் விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்குச் சென்ற முஸ்லிம் குடும்பங்கள் பல. அங்கே 1941-இல் அவர்கள் அமைத்த கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946-இல் உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியையும் நிறுவியது. அந்தக் காலத்துப் பிரயாணிகளைப் பெருமளவில் ஏற்றிச்சென்ற கப்பல் 'ரஜூலா'. ஸ்காட்லாந்தில் 1926-இல் கட்டப்பெற்று, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியால் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற வழியில் ஓட்டப்பெற்ற அக்கப்பல், ஆரம்ப நாட்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்தது. டெக் பிரயாணி என்பவனுக்கு அறை கிடையாது. பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, அந்தப் பாயின் அளவுதான் தன் ஸ்தலம் என்று ஏற்றுக்கொண்டு, வரிசையில் நின்று தட்டில் வாங்கிய சோற்றை உண்டு, மேலே வானத்தையும் கீழே தண்ணீரையும் பார்த்துக்கொண்டு அவன் ஒரு வாரத்துக்கு மேல் காலம் கழித்தான். உறைவிடம், உணவு, கேளிக்கை என்ற மூன்றும் அவன் விஷயத்தில் இவ்வளவே.

ரஜூலாவுக்குப் பின் அந்த வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து, உயிர்ச்சேதமும் நேர்ந்து, ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. இலங்கை வழியோ அதற்கு முன்பே தேய்ந்துபோயிற்று. 1914-இல் தொடங்கிய தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பல் போக்குவரத்து 1964 டிசம்பர்ப் புயலோடு முடிய, பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்துவந்த போக்குவரத்தும் நின்றது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011 ஜூனில் தொடங்கிய பயணிகள் கப்பல் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நிறுத்தப்பட்டது. இந்த வரலாற்றில் இன்றைய பிரயாணிக்கு உபயோகப்படும் பாடம் ஒன்று உண்டு. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, அதை முறியடிக்க முனைந்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொள்வதாகவும் கூடவே குடை ஒன்று தருவதாகவும் ஆசை காட்டியது. கப்பல் கம்பெனி காட்டும் சலுகையை எந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும் என்பதை இந்தக் குடையே நமக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

ஊர் போய்ச் சேர்வதற்காக அல்லாமல் கப்பலில் இருப்பதற்காகவே கப்பலேறும் வழக்கம் ஐரோப்பாவில் 1891-இல் நிலைபெற்றது. ஜெர்மானியக் கப்பல் கம்பெனியொன்றின் நிர்வாகி ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக் பிரயாணிகள் குறைந்து கப்பல் வீணே நிற்பதைப் பொறுக்காமல், 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உல்லாச யாத்திரையாக அனுப்பினார். சும்மா நிற்கும் கப்பலுக்கு வேலை கொடுக்கப் பிறந்த யோசனை இன்று உலகெங்கும் பரவிய பெருந்தொழிலாகிவிட்டது. பருவத்துக்குப் பருவம் கப்பலை இடம் மாற்றி ஓட்டும் முறையும் அந்தக் கணக்கிலிருந்து வந்ததே.

இனி இன்றைய நிலைமை. சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலை 2022 ஜூன் 4-ஆம் தேதி முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். கார்டீலியா நிறுவனத்தாருடைய 'எம்ப்ரஸ்' என்ற அந்தக் கப்பல் 1990-இல் பிரான்ஸில் கட்டப்பெற்றது. அமெரிக்கக் கம்பெனியொன்றில் நெடுங்காலம் ஓடியபின் இந்தியா வந்தது. சுமார் 1,800 பேரை ஏற்கவல்லது. அடுத்த ஆண்டு ஜூன் 5 அன்று, 17.21 கோடி ரூபாய்ச் செலவில் சீரமைக்கப்பட்ட சென்னைத் துறைமுகத்துச் சர்வதேசப் பயணிகள் முனையம் திறக்கப்பட்டு, அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கு அக்கப்பல் புறப்பட்டது. துறைமுகம் எதையும் தொடாமல் கடலில் சுற்றித் திரும்பும் இரண்டு இரவுப் பயணம், விசாகப்பட்டினம் சென்று வரும் பயணம், இலங்கை சென்று வரும் ஐந்து இரவுப் பயணம் என்று இதன் வகைகள் ஆண்டுதோறும் சிறிது மாறிவருகின்றன.

இதனோடு அந்தமான் கப்பலையும் நாகப்பட்டினம் கப்பலையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊருக்கு, மூன்று நாளில் போய்ச் சேரும் 'நான்கவுரி', 'ஸ்வராஜ் தீப்' போன்றவை அரசாங்கப் போக்குவரத்துக் கப்பல்கள். அவற்றில் அறையும் உண்டு, பங்க் என்னும் பொதுப் படுக்கையும் உண்டு. சாப்பாட்டுக்குத் தனிப் பணம். கேளிக்கை என்று எதையும் எதிர்பார்க்கக்கூடாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்ட சிறு கப்பல், உட்கார்ந்தபடியே சில மணி நேரத்தில் யாழ்ப்பாணக் கரையில் இறக்கிவிடும் வாகனம். யாழ்ப்பாணத்தைப் பார்க்கவேண்டும் என்பதே நோக்கமானால், உல்லாசக் கப்பலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை யாழ்ப்பாணத்திலேயே செலவிடுவது புத்தி.

தென்காசிப் பக்கத்தாருக்குக் கொச்சியும் தூரமில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக அகலப் பாதை வந்தபின், பாலருவி ரயில் செங்கோட்டையிலிருந்து எர்ணாகுளத்துக்கு நேரே கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து இலட்சத்தீவுக்குப் போகும் 'கவரத்தி' கப்பலில் பகலில் தீவும் இரவில் கப்பலுமாகக் கழிக்கும் பயணம் உண்டு. ஆடம்பரம் குறைவு, கடலின் அழகு அதிகம். என்னைக் கேட்டால், நீந்தவும் பவளப்பாறையைப் பார்க்கவும் விரும்பும் இளைஞர்களுக்கு இதையே சொல்வேன். முதியவர்களுக்குச் சொல்லமாட்டேன், தீவுக்கருகில் பெரிய கப்பலிலிருந்து ஆடும் சிறு படகுக்கு மாறி இறங்கவேண்டி வரும்.

உறைவிட விஷயத்துக்கு வருவோம். கப்பலறைகள் நான்கு வகை: ஜன்னலே இல்லாத உள்ளறை, கடல் தெரியும் கண்ணாடி ஜன்னல் உள்ள அறை, வெளியே நின்று காற்று வாங்கப் பால்கனி உள்ள அறை, பெரிய இடமுள்ள ஸூட். விலை இந்த வரிசையில் ஏறுகிறது. நம்மவர்கள் 'ஒரு தடவைதானே போகிறோம்' என்று பால்கனிக்குப் பணம் கட்டுவதும், அல்லது 'தூங்குவதற்கு மட்டும்தானே' என்று யோசியாமல் உள்ளறை எடுப்பதுமாக இரண்டு ஓரங்களில் நிற்கிறார்கள். ஆனால் அறையின் வகையைவிட அறையின் ஸ்தானமே சௌகரியத்தைத் தீர்மானிக்கிறது. கப்பல் முன்னும் பின்னும் எழுந்து தாழ்கையில் நடுப்பகுதி அதிகம் அசைவதில்லை. பக்கவாட்டில் சாய்கையில் கீழ்த்தளம் மேல்தளத்தைவிடக் குறைவாக ஆடும். எனவே மயக்கமும் வாந்தியும் வரக்கூடியவருக்கு, முன்மூலையில் மேல்தளத்துப் பால்கனி அறையைவிட, நடுவில் கீழ்த்தளத்து ஜன்னலறை எவ்வளவோ மேல். அதோடு தலைக்குமேல் எந்தத் தளம் என்பதையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். நடனக்கூடத்துக்குக் கீழே அறை வாய்த்தவர்கள் இரவு ஒரு மணி வரை பாட்டின் தாளத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். நீச்சல்குளத் தளத்துக்குக் கீழே வாய்த்தவர்கள் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தத்தில் எழுந்திருப்பார்கள்.

நாலு பேர் ஓரறையில் தங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் 'நால்வர்க்கான அறை' என்று போட்டிருப்பது, இருவர்க்கான அறையின் சுவரிலோ கூரையிலோ மடக்கி வைத்த இரண்டு மேல்படுக்கைகளைச் சேர்த்துக் கணக்கிட்டதுதான். மாலையில் பணியாள் வந்து சாவியால் திறந்து அவற்றைக் கீழே இறக்கி, சிறிய ஏணி ஒன்றைச் சாத்திவைப்பார். இறக்கியபின் கீழ்ப்படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். நாலு பெட்டிகளையும் கட்டிலுக்கடியில் தள்ளினாலொழிய நடக்க வழி இருக்காது. குளியலறையில் ஒருவர் திரும்பவே யோசிக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இந்த ஏணி பெரிய வேடிக்கை, பாட்டிக்கு அல்ல. தாத்தா பாட்டியும் சேர்ந்து போவதானால் எதிரெதிராகவோ அடுத்தடுத்தோ உள்ள இரண்டு உள்ளறைகளை எடுப்பதே நலம். ஆனால் ஜன்னலில்லாத அறையில் பகலிலும் கும்மிருட்டாக இருக்குமாதலால், முதியவர்கள் எழுந்து நடக்கக் கழிப்பறை விளக்கைப் போட்டே வைக்கவேண்டும்.

அறையெண்ணைக் கம்பெனியே பின்னர் ஒதுக்கும் என்ற நிபந்தனையோடு மலிவாக விற்கும் டிக்கெட்டுகளும் உண்டு. தனியாகப் போகும் இளைஞன் அதை எடுத்துக்கொள்ளலாம். கூட்டமாகப் போகிறவர்கள் எடுக்கலாகாது, ஒரு குடும்பம் நாலாம் தளத்திலும் மற்றொன்று எட்டாம் தளத்திலுமாய்ச் சிதறிவிடும். ஒருவருக்கு இவ்வளவு என்று அச்சிட்ட கட்டணம் இருவர் சேர்ந்து தங்குவதாக வைத்துப் போட்டது. தனி ஆள் அறையெடுத்தால் கூடுதலாகக் கொடுத்தாகவேண்டும். துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர்களுக்கான அன்றாடச் சன்மானம் ஆகியவை கட்டணத்தில் சேர்ந்தவையா அல்லவா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். பலபேர் ஏமாந்துபோனதாகச் சொல்லுமிடம் இதுதான். உண்மையில் அது ஏமாற்று வேலையல்ல, பொடியெழுத்தில் அச்சிட்டதை ஒருவரும் வாசிக்காததன் பலன். கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைக் கதவைத் திறக்கும் அட்டையே பணப்பையாகவும் இருக்க, அதை நீட்டி நீட்டி வாங்கிய பழரசமும் போட்டோவும் கடைசி நாள் காலையில் பில்லாகக் கதவடியில் வந்து கிடக்கும். பிள்ளைகளின் அட்டையில் வாங்கும் வசதியை முதல் நாளே நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

உணவைப் பற்றித்தான் இப்பக்கத்தவர்களுக்குக் கவலை அதிகம். அந்தக் கவலையில் பாதி அநாவசியம். இந்தியாவிலிருந்து புறப்படும் கப்பல்களில் சைவ உணவுக்குக் குறைவில்லை. இட்லியும் தோசையும் காலையில் கிடைக்கும். ஜைனர்களுக்கென்று வெங்காயமும் பூண்டும் கிழங்கும் சேர்க்காத சமையல் தனியே நடக்கும். விரதமிருக்கும் நம்மூர்ப் பெரியவர்களுக்கும், வெள்ளிக்கிழமை வெங்காயம் சேர்க்காத வீட்டாருக்கும் இந்த ஜைன உணவே ஏற்றது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அதை டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக்கொடுத்துவிட வேண்டும். பசியோடு மேஜைக்கு வந்து கேட்டால் தயிர்சாதமும் பழமும்தான் மிஞ்சும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் ஹலால் உணவும் இந்தியச் சைவ உணவும் தனித்தனியே சமைக்கும் ஏற்பாடுள்ளவை உண்டு என்பதைக் கடையநல்லூர், தென்காசி உறவினர் வழியாக அங்கே போகிறவர்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

கப்பலின் பிரதான போஜனசாலையில் இரவு உணவு பெரும்பாலும் இரண்டு முறையாக நடக்கும். கல்யாண வீட்டில் முதற்பந்தி, இரண்டாம் பந்தி என்பது போலவே இதுவும், ஒரு வித்தியாசத்தோடு: இங்கே எந்தப் பந்தி என்பது முன்னரே எழுதி வைக்கப்பட்டிருக்கும், நடுவில் புகுந்து உட்கார இயலாது. ராயகிரி போன்ற ஊர்களில் இரவு எட்டு மணிக்கு உண்டு ஒன்பதரைக்குப் படுப்பவர்களுக்கு முதற்பந்தியே பொருந்தும். ஆனால் முதற்பந்தியை எடுத்தவர்களுக்கு நாடகசாலையில் பிந்திய காட்சியும், இரண்டாம் பந்தியை எடுத்தவர்களுக்கு முந்திய காட்சியுமாக இணைத்து வைப்பது பல கப்பல்களின் வழக்கமாதலால், உணவைத் தீர்மானிக்கும்போதே கேளிக்கையும் தீர்மானமாகிவிடுகிறது. தூக்கம் முக்கியமா ஆட்டம் முக்கியமா என்று குடும்பத்தில் ஒருமுறை பேசி முடிவு செய்யவேண்டிய இடம் இது.

பஃபே என்ற, தாமே எடுத்து உண்ணும் சாலை நெடுநேரம் திறந்திருக்கும். கப்பலேறிய முதல் மத்தியானம் அத்தனை பேரும் அங்கேயே போய் நெரிவார்கள். அரை மணி நேரம் அறையில் கால்நீட்டிவிட்டுப் போனால் நெரிசல் குறைந்திருக்கும். கடற்காற்று பசியைக் கிளப்புவது மெய். அருவியில் குளித்தபின் எழும் பசிக்கு இது சளைத்ததல்ல. அந்தப் பசியின் பேரில் முதல் நாளே எண்ணெய்ப் பலகாரமும் பாலாடையும் ஏற்றிக்கொண்டவர்கள் இரவில் கப்பல் அசையத் தொடங்கியதும் படும் பாடு சொல்லத் தரமன்று. புறப்படும் அன்று இரவு மட்டும் தயிர்ச்சோறோ இட்லியோ போதும். மறுநாள் உடம்பு கடலுக்குப் பழகியபின் விரும்பியதை உண்ணலாம்.

வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோகலாமா என்பது எல்லாக் குடும்பங்களிலும் எழும் கேள்வி. கூடாது. சமைத்த உணவை ஏறுமிடத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மின்சார அடுப்பு, தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரம், இஸ்திரிப் பெட்டி ஆகியவை தீ அபாயத்தைக் கருதி விலக்கப்பட்டவை. சிதம்பரம் கப்பலின் கதையை அறிந்தவர்கள் இதற்காகக் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். கடையில் முத்திரையிட்ட பொட்டலங்களைச் சில கம்பெனிகள் அனுமதிக்கும். புளியங்குடி எலுமிச்சையை மடியில் கட்டிக்கொண்டு போக ஆசைப்படுவோர் அதைச் சென்னைவரை வைத்துக்கொண்டு, கப்பலுக்குக் காகிதத்தில் சுற்றிய இஞ்சி மரப்பாவை எடுத்துப்போகட்டும். குமட்டலுக்கு இஞ்சி நல்லது, மருத்துவரைக் கேட்டு வாங்கிய மாத்திரை அதனினும் நல்லது, அதுவும் தலைசுற்றத் தொடங்கும் முன்பே விழுங்கினால்தான் பலிக்கும். நமக்குப் பழகிய கள்ளிச்சொட்டுக் காப்பியைக் கப்பலில் எதிர்பார்த்துப் போவது வீண். அந்தக் குறையை மூன்று நாள் பொறுப்பதைத் தவிர வழியில்லை.

கேளிக்கை என்று கம்பெனிகள் அச்சடிப்பதில் பாதிக்குமேல் கூச்சல் என்பது என் அபிப்பிராயம். நாடகசாலைக் காட்சிகள் இந்திய உல்லாசக் கப்பலில் பெரும்பாலும் இந்தித் திரைப்பாட்டுகளை ஒட்டியவை. மாயாஜாலம், வினாவிடை, தம்போலா, இரவு நடனம் என்று நேரம் நிரப்பப்பட்டிருக்கும். தினந்தோறும் அறைக்கு வரும் நிகழ்ச்சி நிரலை இரவே வாசித்து இரண்டே இரண்டைத் தேர்ந்து மற்றவற்றை விட்டுவிடுபவர்களுக்குத்தான் கடலைப் பார்க்க நேரம் வாய்க்கும். சூரியோதயத்தின்போது மேல்தளத்தில் கூட்டமே இராது. நிலம் எந்தத் திக்கிலும் தெரியாத நீரின்மேல் முதல் வெளிச்சம் பரவுவதைப் பார்க்க ராயகிரியிலிருந்து புறப்பட்டு வந்தவர், முந்தின இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து அதைத் தவறவிடுவாரானால் அவருக்காக இரங்கத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கென்று தனிக்கூடமும் மேற்பார்வையாளர்களும் இருக்கும். வயது வரம்பு உண்டு, முன்பதிவும் வேண்டியிருக்கும். நாடகசாலையிலும் முன்பதிவைக் கேட்பதுண்டு. ஏறிய அன்று பிற்பகலே செய்துவிட்டால் நல்ல இடம் கிடைக்கும்.

சூதாட்டக் கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. கரையிலிருந்து பன்னிரண்டு கடல்மைல் வரையில் நாட்டின் எல்லைக் கடல். அதைத் தாண்டிய பிறகே அந்தக் கூடமும் சுங்கவரியற்ற கடையும் திறக்கும். 2022-இல் சென்னையிலிருந்து முதற்பயணமாக வந்த கப்பல் புதுச்சேரியில் பிரயாணிகளை இறக்க முடியாமற் போனதற்கு இந்தக் கூடத்தைக் குறித்து எழுந்த எதிர்ப்பே காரணம். 2025 ஜூலையில்தான் புதுச்சேரி அக்கப்பலுக்கு வழிவிட்டது, அப்போதும் எதிர்ப்பு ஓயவில்லை. கூடம் இருப்பதனாலேயே கப்பலை வெறுக்கவேண்டியதில்லை. அந்தப் பக்கம் போகாமல் இருக்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் புதுச்சேரிச் சம்பவத்திலிருந்து தெரிந்துகொள்ளவேண்டியது வேறு: அச்சிட்ட பயணவழியில் உள்ள ஊரில் கப்பல் கட்டாயம் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காற்றாலும் அரசாங்க உத்தரவாலும் ஓர் ஊர் விட்டுப்போகலாம். அவ்வாறு நேர்ந்தால் திருப்பித் தரப்படுவது துறைமுகக் கட்டணம் போன்ற சிறுதொகையே. ஆகையால் ஓர் ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் உல்லாசக் கப்பலில் ஏறுவது உசிதமன்று.

நாளைக் குறிப்பதில் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. சென்னைப் பருவம் ஜூனில் தொடங்குகிறது. பள்ளிக்கூடங்களும் அப்போதுதான் திறக்கின்றன. கோடை விடுமுறையில் பிள்ளைகள் சும்மா இருக்கையில் கப்பல் சென்னையில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையிலோ வடகிழக்குப் பருவமும் புயலும் வங்கக்கடலைப் பிடித்துக்கொள்ளும். இடையில் எஞ்சுவது செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை. அந்தச் சமயம் கப்பல் சென்னையிலேயே இருக்குமானால் அதைவிட ஏற்ற காலம் இல்லை. அது புரட்டாசி மாதம்; புலால் விலக்கும் குடும்பங்கள் உணவு வகையை எழுதிக்கொடுக்கையில் இதையும் நினைவில் வைக்கட்டும். சாயங்காலம் செங்கோட்டையில் புறப்பட்டு, தென்காசி, சங்கரன்கோவில், இராஜபாளையம் வழியாக மறுநாள் காலையில் சென்னை சேரும் பொதிகை ரயிலில், கப்பல் புறப்படும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. ரயில் தாமதமானால் கப்பல் காத்திராது, பணமும் திரும்பாது.

கொஞ்சம் அதிகம் செலவிடக்கூடியவர்கள் சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் சென்றுவரும் பெரிய கப்பல்களில் ஏறலாம். கிள்ளான் துறைமுகம்தான் பழைய போர்ட் ஸ்வெட்டன்ஹாம். ரஜூலாவின் டெக்கில் பாய் விரித்துப்போனவருடைய பேரன், அதே கடலில் அதே துறைகளை மெத்தைமேல் படுத்தபடி காண்பது இன்று சாத்தியம். ஆனால் நடுவில் மலேசியா சென்று மீண்டும் சிங்கப்பூருக்குள் நுழைவதால், விசா பலமுறை நுழைவுக்குரியதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இலங்கைப் பயணத்துக்கும் பாஸ்போர்ட்டும் அந்நாட்டு அனுமதியும் வேண்டும். கருவுற்ற பெண்களை இருபத்துநான்கு வாரத்துக்குமேல் பெரும்பாலான கப்பல்கள் ஏற்பதில்லை. கைக்குழந்தைக்கும் குறைந்தபட்ச வயது உண்டு. இவற்றை டிக்கெட் எடுக்கும் முன் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கப்பலில் ஒரேயொரு நிகழ்ச்சி மட்டும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அனைவரும் பங்குகொள்ளவேண்டியது. நிகழ்ச்சி நிரலில் அது கேளிக்கையாக அச்சிடப்படுவதில்லை. ஆபத்தில் எந்த இடத்தில் கூடுவது, மிதவைச் சட்டையை எப்படி அணிவது என்று கற்பிக்கும் ஒத்திகைதான் அது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டபோது, அன்று ஏறிய பிரயாணிகளில் பலர் அந்த ஒத்திகையைக் கண்டிருக்கவில்லை. அதன்பின் கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனோ ஒத்திகை முடிந்தாகவேண்டும் என்று சர்வதேச விதி 2015 முதல் திருத்தப்பட்டது. தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தமிழ் மட்டுமே அறிந்த பெரியவர்கள் சென்னையில் கப்பலேறும் காலம் இது. டிக்கெட் எடுக்கும்போது பால்கனியையும் பஃபேயையும் விசாரிக்கும் வாசகர்கள், அந்த ஒத்திகையைத் தமிழிலும் சொல்வீர்களா என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், சொல்லும்படி எழுதிக் கேளுங்கள்.